சேலையில் குத்திய பட்டாள வில்லை

அனுப்புநர்:
ஜ. மங்கையர்க்கரசி,
காலஞ்சென்ற ஜம்புலிங்கத்தின் மனைவி,
குடிநீர் ஊழியர், சரக்குக் கிடங்கு, ஹேடோ.
இருப்பு: மின்னி பே, போர்ட் பிளேர்.

பெறுநர்:
உயர்திரு கிடங்குக் கண்காணிப்பாளர் அவர்கள், ஹேடோ.

பொருள்: என் கணவரின் பட்டாள வில்லையை மதராஸ் கப்பலில் அனுப்பாமல் என்னிடமே தரக் கோருவது.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கணவர் மறைந்த மாதமே தாங்கள் எனக்கு இங்கே வேலை போட்டுக் கொடுத்தீர்கள். அந்த நன்றியை நானும் என் மகள் சந்திரமதியும் சாகும்வரை மறக்க மாட்டோம். இதைச் சொல்லாமல் குறையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2. என் கணவர் பர்மாச் சண்டையில் இருந்தவர். பட்டாளத்தை விட்டு வந்தபோது, இனி உடுத்தும் சாதாரண உடுப்பில் குத்திக்கொள்ளும்படி பின்னால் ஊக்கு வைத்த ஒரு வில்லை, பேட்ஜ் என்பார்களே, அதைக் கொடுத்து அனுப்பினார்கள். கிடங்கில் உழைத்த காலமெல்லாம் அவர் அதைச் சட்டையில் குத்தியிருந்ததைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள்.

3. அவர் இருந்தவரை நான் கப்பல் ஜெட்டிப் பக்கம் வந்தவளில்லை. வேலைக்கு வந்த முதல் நாள், ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்க இடுப்பில் குடத்துடன் நின்றபோது கடற்காற்று முந்தானையை அடித்துக்கொண்டு போயிற்று. சுற்றிலும் ஆண்கள். கூசிப்போனேன். மறுநாள் அவருடைய வில்லையைத் தோளில் குத்திக்கொண்டு வந்தேன். முந்தானையும் நகரவில்லை, என் பயமும் போயிற்று. வங்காளிகளும் தெலுங்கர்களும் பட்டாளத்தார் வீட்டம்மா என்ற பொருளில் என்னை 'பௌஜி அம்மா' என்று கூப்பிட்டு வழிவிட்டார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

4. சென்ற திங்களன்று வாயில் காவலர் திரு. சிவஞானம் அதைப் பார்த்துவிட்டு, "ஜம்பு நெஞ்சுல இருந்த சாமான் தங்கச்சி இது. சேலைக்கு ஊக்காவா குத்துவாங்க?" என்று கழற்றி வாங்கிக்கொண்டார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். என் கணவரின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். எனக்குக் கோபம் வந்தது உண்மை. சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது. மரியாதைக்காகத்தான் அவர் அப்படிச் செய்தார்.

5. ஆனாலும் அய்யா, சாதாரண உடுப்பு என்றால் ஆண்பிள்ளைச் சட்டை மட்டும்தானா? நான் தினமும் உடுத்துவது சேலை. அதில் குத்தியதால் அவர் பெயர் கெட்டதாக என் மனம் ஒப்பவில்லை.

6. திரு. சிவஞானம் வில்லையைக் கிடங்கு ஆபீசில் ஒப்படைத்ததாகவும், உரியவர் இறந்துவிட்டதால் அது மதராஸ் பட்டாள ஆபீசுக்குப் போக வேண்டுமென்று சனிக்கிழமைக் கப்பலுக்குக் கட்டி வைத்திருப்பதாக அறிகிறேன். அவரை எரித்தது இந்தத் தீவில். அக்கரையில் அவருக்கென்று ஒருவரும் இல்லை. அங்கே போய் அது யாரிடம் சேரும்?

7. முந்தானைக்கு வேறு ஊக்கு வாங்கிவிட்டேன். வில்லையை ரவிக்கையில் தனியாகக் குத்திக்கொள்கிறேன், திரு. சிவஞானம் காட்டும் இடத்திலேயே குத்திக்கொள்கிறேன். வேலைக்கு வரும்போது அணிந்துகொள்ள மட்டும் தாங்கள் உத்தரவு தந்து, கட்டிய பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். முன்பு வேலை தந்த அதே மனதுடன் இதையும் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் சண்டைக்குக் கப்பலேறிப் போனபோது வருஷக்கணக்கில் காத்திருந்தேன். வந்து சேர்ந்தார். இது கப்பலேறிப் போனால், நான் இனி யாருக்காகக் காத்திருப்பேன் அய்யா?

இடம்: ஹேடோ
தேதி: 14-11-1957

தங்கள் தயவில் பிழைக்கும்,
ஜ. மங்கையர்க்கரசி