பின்சக்கரத்து மூடி

என் பிரியமுள்ள சண்டைக்கார மாமாவுக்கு,

உங்கள் சைக்கிள் வாசலில் பத்திரமாக நிற்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கே இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான், அப்புறம்தான் என்னை விசாரிப்பீர்கள். நான் நன்றாக இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்லி ஏமாற்ற முடியுமா?

மதுக்கரை அப்படியேதான் இருக்கிறது. கொடியில் காயப்போட்ட துணி சிமெண்டு ஆலைத் தூசியில் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. மாதா கோயில் முக்கில் எஸ்டிடி பூத் திறந்திருக்கிறார்கள். மினிபஸ் விடப்போகிறார்கள் என்று ஒரே பேச்சு. அந்த மினிபஸ்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது, சொல்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் தீராத சண்டை ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் டயரின் வால்வுக்கு மூடி போடுவதா, வேண்டாமா? கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க சிமெண்டு மூட்டை ஏற்றிவிட்டு வரும் உங்களுக்குத் தூசி என்றாலே ஜென்மப் பகை.

"தூசி உள்ள போச்சுன்னா வால்வு கெட்டுப்போயிரும் அம்மணி. மூடியில்லாத சோத்துச் சட்டியில திம்பியா நீயி?" என்பீர்கள்.

"ஏனுங்க, சோத்துச் சட்டிக்கு மூடியத் திருகியா வெக்கறோம்? இந்த ஊருத் தூசிக்கு ஒரு மழை பேஞ்சாப் போதும், மூடி கல்லாட்டம் புடிச்சுக்கும். அப்பறம் எப்படிங்க காத்தடிப்பீங்க?" என்பேன் நான்.

அதற்கும் நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். வேலை விட்டு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் மூடியைக் கழற்றி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் வால்வின் திருகு மரையைத் துடைத்து, மறுபடி திருகி வைப்பீர்கள். என் தலைக்கு வாங்கி வைத்த எண்ணெய் அது. அதற்கும் தனியாக ஒரு சண்டை நடக்கும்.

கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டோம். முன்சக்கரம் எனக்கு, மூடி கிடையாது. பின்சக்கரம் உங்களுக்கு, மூடி உண்டு. சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒத்தக் கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டாப்பல இருக்குதுங்களே!" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "அது எங்கூட்டு ஒப்பந்தமுங்க" என்றீர்கள்.

ஆலை உங்களுக்கு நடக்கிற தூரம். சத்துணவுக் கூடத்தில் அடுப்பு மூட்ட விடிந்ததும் எட்டிமடைப் பக்கம் போக வேண்டியவள் நான். அதனால் வண்டியை அதிகம் ஓட்டியது நான்தான். பார் வைத்த வண்டியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏறுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நீங்கள் மட்டும் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மழைக்காலத்தில் மார்வலி என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்த பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. தூசியும் மழையும் மாறி மாறி அதன்மேல் விழுந்தன. மறுபடி வேலைக்குப் போகிற அன்று பம்பை எடுத்தேன். என் முன்சக்கரம் சமர்த்தாகக் காற்று வாங்கிக்கொண்டது. பின்சக்கரத்து மூடி அசையவில்லை. நான் சொன்னது சொன்னபடியே சிமெண்டுத் தூசி விளிம்பைச் சுற்றிக் கல்லாகப் பிடித்திருந்தது. இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல?

கட்டிங் பிளேயரால் ஒரு அழுத்து அழுத்தினால் உடைந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கை கடைசியாகத் திருகி வைத்தது அது. அதை அப்படியே விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனேன், தினமும் பிந்தினேன். "லூர்து, அடுப்புப் பத்தறதுக்கே நேரமாயிருது. இப்படியே போனா நான் வேற ஆளத்தான் பாக்கோணும், பாத்துக்க" என்றார் அமைப்பாளர் அம்மா. அவரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பசிக்காதா?

அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி வந்தார்.

"ஏனுங்க அண்ணி, காத்தில்லாம டயரு மடிஞ்சு கெடக்குதுங்களே! அண்ணன் எப்படி வெச்சிருந்த வண்டிங்க இது! உங்களுக்கு வெச்சுக்கத் தெரியலீங்க. ஞாயித்துக்கெழமை வந்து நானே எடுத்துட்டுப் போயிடறனுங்க. மினிபஸ்ஸும் வரப்போவுது, பொம்பளைக்கு எதுக்குங்க பார் வண்டி?"

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. 'ங்க' போட்டுப் போட்டே வண்டியைப் பிடுங்கப் பார்த்தார். உங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் எதற்கும் உரியவள் இல்லையா, மாமா? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம், உங்கள் அடக்கத்தன்றுகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தார். ஹேண்டில்பாரில் கை வைத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றேன். உள்ளே போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, பின்சக்கரத்தருகே உட்கார்ந்தேன். உடைந்தால் உடையட்டும் என்று அழுத்தினேன். மூடி இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை, மாமா. நீங்கள் நேற்றுச் சாயங்காலம் துடைத்து வைத்த மாதிரி மரை பளபளவென்றிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன், தேங்காயெண்ணெய் வாசம். தம்பி பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அதற்காக நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடி இறுகியதும் நிஜம், நான் உடைத்ததும் நிஜம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்பை வைத்து அடித்தேன். டயர் கிண்ணென்று நிமிர்ந்தது. "வண்டி எங்கீயும் வராதுங்க தம்பி. மினிபஸ் வந்தா நீங்க ஏறிப் போங்க" என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, கோயில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பூசைக்கு வந்த சனம் மொத்தமும் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மணியையும் அடித்தேன். திரும்பி வந்தபோது உங்கள் தம்பி போயிருந்தார்.

இப்போது நேரத்துக்கு அடுப்பு எரிகிறது. பாகப் பிரிவினை முடிந்தது, இரண்டு சக்கரமும் என்னுடையவை, இரண்டிலும் மூடி கிடையாது. இந்த வண்டியை யாருக்கும் விட மாட்டேன், இது சத்தியம். பின்சக்கரத்துக்கு மூடி வேண்டுமென்றால் நீங்களே எழுந்து வந்து போடுங்கள். அதற்கு மட்டும் நான் சண்டை போட மாட்டேன்.

உங்கள் வண்டியை ஓட்டுகிற, உங்கள் மனைவி,
லூர்து