கேட்டதற்கு மேல் ஒரு லென்ஸ்

லாத்தா,

சுத்தம் செய்வதற்காகக் கேமரா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தின்னக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள் பொலபொலவென்று விழுந்தன. செருப்பு டப்பா, கைப்பை, மாத்திரை பாட்டில் என்று கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கி நீங்கள் என் பையில் போட்டவை. கேமராவில் ஈரம் ஏறாமல் அவை பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை நீங்கள் பாதிதான் நம்பினீர்கள். நம்பாத பாதிக்காக இரண்டு மடங்காகப் போட்டீர்கள்.

துபாயில், கராமாவில், நம் இரண்டு வீட்டுக் கதவுகளும் எதிரெதிரே இருந்தன. நாகூரிலிருந்து உங்கள் தங்கைகள் போனில் லாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுத்தான் நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் சந்தேகப்படாத ஆள் அந்தக் கட்டடத்தில் உண்டா? சிலிண்டர் கொண்டு வருபவரை நிறுத்திவைத்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பீர்கள். புது வாட்ச்மேன் அளவுக்கு மீறி சலாம் வைக்கிறான், கவனமாக இரு என்பீர்கள். எனக்குச் சிரிப்பாக வரும்.

என்னிடம் அப்போது உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. பட்டனை அமுக்கினால் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் பிள்ளைகள் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். லென்ஸ் மாற்றுகிற கேமரா ஒன்று, யாராவது விற்கிற பழையதாக இருந்தாலும் போதும் என்று என் வீட்டுக்காரரிடம் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். பண நெருக்கடியால் துபாயில் கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோன அந்தக் குளிர்காலத்தில், கேட்பதையே நான் விட்டிருந்தேன். அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை மாலை புத்தம் புதுக் கேமராவோடு வந்தார். கூடவே ஒரு லென்ஸ். அது போதாதென்று முழங்கை நீளத்துக்கு இன்னொன்று.

நான் குதித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் ஓடி வந்தேன். நீங்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தீர்கள்.

“ஒண்ணு கேட்டு ஒண்ணு வாங்கித் தந்தா அது புருஷன். ஒண்ணு கேட்டு மூணா வந்தா, அதுல என்னமோ இருக்கு புள்ள.”

“சும்மா இருங்க லாத்தா. ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு.”

“எனக்கும்தான் ஆசையா ஒரு தையல் மெஷின் வாங்கித் தந்தாரு அவரு. நாலு ஜாக்கெட் தைச்சேன். அஞ்சாவத ஊர்ல போய்த்தான் தைச்சேன். திரும்பி இங்க வர எட்டு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க ஸ்கூல் பீஸு கட்டியாச்சான்னு கேளு.”

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. ஆனால் நீங்கள் காதில் போட்டது இறங்கிவிட்டது. பால்கனிக்குப் போய் அவர் போன் பேசுவது அப்புறம்தான் கண்ணில் பட்டது. வாரா வாரம் காய்கறி வாங்கப் போகும்போது பேசிக்கொண்டே வருகிறவர் வாய் திறக்காமல் வண்டி ஓட்டினார். கேமராவின் விளக்கப் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தால் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “அடுத்த டேர்ம் பீஸ் கட்டியாச்சா?”

“கட்டலாம்.”

“எப்போ?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “கம்பெனியில வீட்டு வாடகைய நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் உங்கள ஊருக்கு அனுப்பிட்டு நான் பேச்சிலர் ரூமுக்குப் போயிடலாம்னு இருக்கேன்.”

“அப்போ இந்தக் கேமரா?”

“ஊர்ல உனக்குப் பொழுது போகணுமேன்னு…”

நான் கத்தினேன். அழுதேன். ஆனால் நேரத்தோடு கேட்டதால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. முழுப் பரீட்சை முடியாமல் பிள்ளைகளோடு விமானம் ஏற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவரும் எங்கெங்கோ பேசி, மார்ச் முடியும் வரை அந்த வீட்டைத் தக்கவைத்தார். உங்களிடம் வந்து சொன்னபோது, நான் சொன்னேன் பார்த்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. “நீ வாய் திறந்து கேட்டே. நான் கேக்காமலே ஏர்போர்ட் வரைக்கும் போனவ” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனீர்கள்.

மிச்சமிருந்த நாட்களில்தான் நான் படமெடுக்கக் கற்றேன். படகுத்துறைக்கு நீங்களும் வந்தீர்கள். நீள லென்ஸை மட்டும் பால்கனியில் வெளியே எடுக்கவே விடவில்லை. “எதிர் வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க. போலீஸ் வந்தா இவள நான் பார்த்ததே இல்லேன்னு சொல்லிடுவேன்.” நானும் சிரித்துக்கொண்டே பையில் வைத்துவிடுவேன்.

திருச்சிக்கு வந்த மறு வருடம், லீவில் வந்த ஒருவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. பால் பவுடர் டின்களுக்கு நடுவே, துண்டில் சுற்றிய ஒரு குட்டி லென்ஸ். குறைந்த வெளிச்சத்திலும் நன்றாக எடுக்கும் என்று நான் கடைக் கண்ணாடி வழியாக உங்களுக்குக் காட்டிய அதே லென்ஸ். உடனே போன் செய்தேன்.

“என்ன லாத்தா, திடீர்னு?”

“கடையக் காலி பண்றான் புள்ள. பாதி விலைக்குத் தந்தான்.”

“உடம்பு நல்லாயிருக்கா?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தீர்கள்.

ரமலான் நோன்பு பிறப்பதற்கு முன்பே உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னாள். உங்களுக்கு நோய் இருப்பது முன்பே தெரியுமாம். ஆஸ்பத்திரியில் அதைச் சொன்ன அன்று, வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னீர்களாம். கடை இன்னமும் இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் மறைத்ததை இரண்டே கேள்வியில் பிடித்தேன். உங்களிடமும் அதே இரண்டு கேள்வி கேட்டேன், ஏமாந்தேன். ஊரையெல்லாம் நம்பாதே என்றவர் என்னை இப்படி ஏமாற்றலாமா என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன வாரம் என் மகள் காரணமே சொல்லாமல் எனக்கொரு புடவை வாங்கி வந்தாள். பிரித்துக்கூடப் பார்க்காமல், உனக்கு ஒன்றுமில்லையே, உடம்பு சரியாக இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டேன். சும்மாதான் என்று சிரித்தாள். அவள் சிரிப்பை நான் நம்பவில்லை, லாத்தா. அன்றைக்கு நீங்களும் சிரித்தீர்கள்.