நண்டு வைத்த டப்பாவும் நீ வைத்த ஸ்டேட்டஸும்

அன்புள்ள மகன் முத்துராஜுக்கு, பசியாவரத்திலிருந்து நைனா எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, உன் பெண்டாட்டி சுபஸ்ரீ, உன் தம்பி தீனா நாலு பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் ரூம்காரர்களும் சுகமாக இருக்க எல்லையம்மன் துணை. உன் மகன் நிதின் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அவனை இந்த வரியில் சேர்க்கவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் கால் வலிக்கும், திட்டு நீளம்.

சுபஸ்ரீ ஏன் போனை எடுப்பதில்லை என்று தீனாவைக் கேட்டாயாம். போன் கெட்டுப்போகவில்லை, தண்ணீரிலும் விழவில்லை. அதை நிறுத்தி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மூடி மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன். நான் பிடுங்கினேன் என்று நினைக்காதே. மாமா இத எங்கனா ஒளிச்சு வைங்க, எனக்கே பாக்கப் புடிக்கலனு அவளே கொண்டுவந்து கொடுத்தாள். லீவு முடிந்து உன் கூட்டாளி ரமேஷ் மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாவதோடு நின்ற கை, எழுத்து காக்கா கால் மாதிரிதான் இருக்கும், ஆனால் கோபம் நன்றாகப் புரியும்.

நீ போன தடவை ரமேஷிடம் ஒரு மஞ்சள் டப்பா அனுப்பினாயே, வாத்துத் தலை வைத்து, மூடி போட்டு, பிள்ளை குந்தி ஆய் போவதற்கு. நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. உன் மகனும் அதை ஒதுக்கவில்லை. வாத்துக்கு முறுக்கு ஊட்டினான், மூடியைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு கரைவரைக்கும் போய் வந்தான், டிரவுசரோடு அதன் மேல் ஏறி உட்கார்ந்து இன்ஜின் சத்தம் போட்டான். டிரவுசரைக் கழற்றிக் குந்துடா என்றால் மட்டும் மீன் நழுவுகிற மாதிரி நழுவிவிடுவான். சுபஸ்ரீ கத்தவில்லை, அடிக்கவில்லை, பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். மூன்று வயது நிறையாத பிள்ளை, இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் குந்தப் போகிறான். உனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் பக்கத்து ரூம்காரன் புள்ள அப்பவே பழகிட்சாம், இவன் இன்னாத்துக்கு இப்படி கீறான்னு கேட்டாய். இது என்ன படகுப் பந்தயமா, முதலில் வந்தவனுக்குக் கோப்பை கொடுக்கிறார்களா.

இனி நண்டு விஷயம். நம் வீட்டில் மூடி போட்ட பாத்திரம் எதுவும் காலியாக இருந்ததில்லை, உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போன டிபன் டப்பாவில் உங்கம்மா இறால் வாங்கி வைத்து நீ அன்றைக்கு முழுக்க வாசனையோடு இருந்தாய். அதே கைப்பழக்கம்தான் தீனாவுக்கும். அன்றைக்கு அவனுக்கு இரண்டு பச்சை நண்டு நல்ல பெரிதாகக் கிடைத்தது. வியாபாரி வர நேரமாகும், நண்டு செத்தால் சீந்துவாரில்லை. கொடுக்கைக் கட்டச் சணல் தேடப் போகிற நேரத்துக்கு எதிலாவது போட்டு மூடி வைப்போம் என்று பார்த்திருக்கிறான். கண்ணெதிரே புதுசாக, மூடியோடு, ஓரத்தில் காற்றுப் போக இடமுள்ள டப்பா. அதுவரை பிள்ளை அதில் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை, சுத்தமான டப்பா என்று ஈரச் சாக்கைப் போட்டு நண்டை உள்ளே விட்டுவிட்டான். சணல் தேடப் போன இடத்தில் எவனோடோ பேசிக்கொண்டு நின்றுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். இன்னிக்கு என் முன்னாடியே குந்த வை, நான் பாக்கணும்னு பிடிவாதம் பண்ணினாய். சுபஸ்ரீ ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியைத் தூக்கினாள். ஒரு நண்டு தன் இரண்டு கொடுக்கையும் விரித்துக்கொண்டு எழுந்து நின்றது. பிள்ளை போட்ட கத்தல் பழவேற்காட்டுக்குக் கேட்டிருக்கும். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல் பூராவும் ஓடினான். சுபஸ்ரீ சிரித்தாள், உங்கம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புத்தான். அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு போய் நண்டுக்கு இரண்டு திட்டுத் திட்டி, தீனாவுக்கு நாலு திட்டுத் திட்டி, முந்திரிப் பருப்பு கொடுத்துத் தூங்க வைத்தோம். அதோடு அது முடிந்திருக்க வேண்டும்.

நீ முடிய விட்டாயா. பிள்ளை அழுதுகொண்டு ஓடியதை அப்படியே போனில் பிடித்து, பாட்டுச் சேர்த்து, நண்டு வீரன்னு பேர் வைத்து ஸ்டேட்டஸில் போட்டாய். மறுநாள் நான் ஏலத்துக்கு மீன் கொண்டு போனால் ஆரோக்கியமேரி கூடைக்குப் பக்கத்தில் பத்துப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி நிற்கிறார்கள். இன்னா அண்ணா, உன் பேரன் சினிமா ஸ்டார் ஆய்ட்டான், எங்கள்லாம் ஞாபகம் வச்சுக்கச் சொல்லுனு அவள் கேட்கிறாள். நான் ஊரையே கிண்டல் பண்ணுகிறவன், அன்றைக்கு மீனை விலை கேட்காமலே போட்டுவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குத் திரும்பினால் தெருப் பிள்ளைகள் நிதினைப் பார்த்து இரண்டு கையையும் கொடுக்கு மாதிரி வைத்துக்கொண்டு நண்டு வருது நண்டு வருதுனு துரத்துகிறார்கள். இவன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான். சுபஸ்ரீ உன்னைக் கேட்டதற்கு, அது ஒரு நாள்ல போய்டும்டி, சொம்மா தமாசுக்குனு சொன்னாயாம். ஒரு நாளில் உன் போனிலிருந்துதான் போனது, ஊரார் எடுத்து வைத்துக்கொண்டது போகவில்லை.

அதிலிருந்து பிள்ளை அடக்க ஆரம்பித்தான். டப்பாவில் குந்துவதை விடு, வழக்கமாகப் போகிற இடத்திலும் போகவில்லை. வயிறு வந்தால் காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, முகம் செவக்கச் செவக்க நிற்பான். பக்கத்தில் போனால் இல்ல இல்ல என்று கத்துவான். வாழைப்பழம் கொடுத்தோம், வெந்நீர் கொடுத்தோம், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் போவான், அதுவும் வலியோடு.

அப்படி இருந்தவன் ஒரு நாள் காலையில் தானாக என்ன பண்ணினான் தெரியுமா. ஏரியில் வலையை விட்டுவிட்டு நாம் படகுப் பலகையைக் கழியால் தட்டுவோமே, சத்தத்துக்கு மீன் மிரண்டு வலைப் பக்கம் ஓடட்டும் என்று, அதை அவன் கரையிலிருந்து பார்த்திருக்கிறான் போல. ஒரு கரண்டியை எடுத்துவந்து அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றித் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். போ நண்டு, போ என்றான். மறுபடி தட்டினான். அப்புறம் மூடியை ஒரு விரலால் தூக்கி உள்ளே பார்த்தான். யாரும் சொல்லித் தரவில்லைடா. அவனே டிரவுசரைக் கழற்றிவிட்டு அவனே குந்தினான். நானும் சுபஸ்ரீயும் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அப்பொழுது உன் போன் வந்தது. ஜன்னலில் கிடந்த போனை ஒன்றும் தெரியாத தீனா எடுத்துவிட்டான். நீ வாய் திறந்ததும் பேசிய முதல் பேச்சு, இன்னாடா நண்டு வீரா, குந்திட்டியா, எங்க காட்டு. உனக்குப் பின்னால் உன் ரூம்காரர்கள் கூட்டமாகச் சிரிக்கிறார்கள். பிள்ளை பாதியில் எழுந்தான். டப்பா உருண்டது. கட்டிலுக்கு அடியில் போய் சுவரோடு ஒட்டிக்கொண்டான், உங்கம்மா தரையில் படுத்துக் கையை நீட்டி இழுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அடக்கியவன்தான், அதன் பிறகு சுத்தமாகப் போகவில்லை. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. சோற்றைத் தொடவில்லை, பால் குடித்தால் வாந்தி. கடைசியில் காய்ச்சலும் வந்தது. காற்று எதிர்க்காற்று, ஏரி கொந்தளிக்கிறது, அந்தக் காற்றில் படகில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுபஸ்ரீ மடியில் அவன் சுருண்டு கிடந்தான். ஒரு சத்தம் இல்லை. வாய் ஓயாத பிள்ளை, படகு ஏறினால் இன்ஜினைவிடச் சத்தம் போடுகிற பிள்ளை.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், நிதானமாகப் பார்த்தது. உள்ளே இறுகிப்போய்விட்டது என்று மருந்து வைத்து எடுத்தார்கள், அவன் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். புள்ள பயந்து அடக்குது, அடக்க அடக்க வலிக்கும், வலிக்க வலிக்க இன்னும் அடக்கும், கொஞ்ச நாளைக்கு டப்பா பேச்சே எடுக்காதீங்க, சிரப் குடுங்க, எங்க போவணும்னு நெனைக்குதோ அங்க போவட்டும்னு சொன்னது. அப்புறம், இவன யாரு பயமுறுத்தினதுனு கேட்டது. சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு நண்டு என்றாள். நண்டா பயமுறுத்தியது? நண்டு அன்றைக்கே வியாபாரியோடு போய்விட்டது. உன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு அவள் நண்டின் பெயரைச் சொன்னாள். அவள் கிடைக்க நீ கொடுத்துவைத்தவன்.

இப்போது கொஞ்சம் பரவாயில்லை. சிரப் குடிக்கிறான். வயிறு இளகியிருக்கிறது. கரையில் கவிழ்த்து வைத்திருக்கிற படகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரும் பார்க்காத நேரம் ஜட்டியிலேயே போகிறான். கழுவி விடுகிறோம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் எங்கேயாவது போன் மணி அடித்தால் உடனே காலைக் குறுக்கே வைத்துக்கொள்கிறான். முன்பெல்லாம் அப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுவான். இப்போது அப்பா எங்கே என்று கேட்டால் இல்லை என்று கையை விரிக்கிறான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பேனா வாங்கிவரச் சொன்னேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். வீடு வீடாகப் போனேன். உன் சேக்காளிகள், ஏலக்காரர்கள், எல்லார் வாசலிலும் நின்று அழிச்சியா காட்டு, என் கண்ணு முன்னாடி அழினு சொன்னேன். ஆரோக்கியமேரி, இதுக்குப் போயா அண்ணா இவ்ளோ பேஜார் பண்றனு கேட்டாள். உன் ஊட்டுக்காரர் படகுக்குள்ள மட்டையாகிக் கெடந்தத நான் எத்தினி வாட்டி பாத்திருப்பேன், ஊர்ல காட்டினேனானு கேட்டேன். என் கண் முன்னாலேயே அழித்தாள். தெருப் பிள்ளைகளுக்கு எங்கள் வாசலில் கொடுக்கு காட்டினால் காதைத் திருகுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊரை நான் பார்த்துக்கொண்டேன். உன் ரூமை நீ பார். யார் யார் போனில் இருக்கிறதோ அவனவன் முன்னால் நின்று அழிக்க வை. நண்டு வீரன் என்று எவனாவது வாயெடுத்தால் அது என் மகன் பெயர் இல்லை என்று சொல். உனக்கு அது வெட்கமாக இருக்கும், இருக்கட்டும்.

வீடியோ போன் இனி அவனாகக் கேட்டால்தான். சுபஸ்ரீயோடு பேச வேண்டுமென்றால் தீனாவின் பட்டன் போனுக்குப் போடு, அவள் கரைக்குப் போய்ப் பேசுவாள். நீ பொங்கலுக்கு வரும்போது படகிலிருந்து குதித்து வந்து அவனைத் தூக்காதே. மணலில் உட்கார், அவன் பக்கம் பார்க்காமல் ஏதாவது வலையைப் பிரித்துக்கொண்டிரு. அவனாக வருவான். ஆய் போனியானு மட்டும் கேட்காதே, கேட்டால் வந்த படகிலேயே உன்னைத் திருப்பி ஏற்றிவிடுவேன்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், உங்கம்மாவுக்கே தெரியாது. ஆரம்பாக்கத்தில் உன் சித்தி கல்யாணத்துக்குப் போனது நினைவிருக்கிறதா. நீ நாலாவது படித்தாய். அந்த வயதிலும் பாயை நனைக்கிற பழக்கம் உனக்கு விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாயிலேயே நனைத்துவிட்டு விடியலில் எழுந்து என்னையே பார்த்தாய். சுற்றிலும் சொந்தக்காரப் பிள்ளைகள் எழுந்துகொள்கிற நேரம். நான் மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்து உன் மேலும் பாய் மேலும் கவிழ்த்துவிட்டு நானும் அதில் விழுந்தேன். குடிகாரன், கல்யாண வீட்லயே இப்படியானு உன் தாத்தா கத்தினார். உங்கம்மா ஆரணி ஆற்றுப் பாலம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்குக் குடம் உதைத்தவன் என்றுதான் பெயர். அன்றைக்கு நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நீயும் நான் குடித்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு என் கையில் உன்னுடையது மாதிரி ஒரு போன் இருந்திருந்தாலும் நான் குடத்தைத்தான் உதைத்திருப்பேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு, சுபஸ்ரீக்குச் சொல்ல மாட்டேன், நீயாகச் சொன்னால் உன் இஷ்டம். என்ன இவ்ளோ எழுதுறீங்க மாமானு இப்போதுகூடக் கேட்டாள், இறால் விலை என்று சொல்லியிருக்கிறேன். ரமேஷிடம் சென்னாக்குனி இறாலும் வாளைக் கருவாடும் கொடுத்திருக்கிறோம், கோபம் வேறு கருவாடு வேறு. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் மகனுக்குப் பயம் தெளியட்டும், நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிற நாள் சீக்கிரம் வரட்டும். எல்லாரிடமும் அழித்தாய் என்று ரமேஷ் தன் வாயால் சொன்ன பிறகுதான் அரிசி டிரம் திறக்கும், மறக்காதே.

இப்படிக்கு
உன்னைத் திட்டவும் உரிமை உள்ள நைனா
தேசப்பன், பசியாவரம்