பாக்தாத்தில் கேட்ட பாங்கு

அன்பு மனைவி ருமானாவுக்கு ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? கோவில்பட்டி வெக்கையில், நோன்போடு நீ மாடிக்கும் கீழுக்கும் அலையாதே.

போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், வீடே கேட்டுச் சிரிக்கும். அதனால்தான் ஊருக்கு வருபவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் அறையில் இருக்கும் தௌசிப் டிவியில் ஒரு கேம் விளையாடுவான். ஆயிரம் வருசத்துக்கு முந்திய பாக்தாத் நகரம். நாம் பாட்டுக்குத் தெருத்தெருவாகச் சுற்றலாம். சவூதி வந்த இரண்டு வருசத்தில், இந்தத் தம்மாம் குடோனையும் அறையையும் விட்டால் நான் காலாற நடந்த ஊர் அது ஒன்றுதான்.

நேற்று வேலை முடிந்து வந்து, நோன்பு திறக்க நேரமிருக்கிறதே என்று அந்த ஊர்க் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தேன். அசதியில் கண் சொக்கியது. பாங்கு கேட்டதும் பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, அது கேம்ல சொல்லுத பாங்கு! வெளிய வெயில் கெடக்கு பாருங்க" என்று கத்தினான் தௌசிப்.

அந்த நோன்புக்குப் பதிலாகப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு களா வைக்கச் சொன்னார் பள்ளிவாசல் இமாம். அன்றைக்கு இந்த அறையில் நான் ஒருவன்தான் சஹர் சாப்பிட விடியுமுன் எழ வேண்டும். உனக்கும் விலக்கு நாளில் விட்ட நாலைந்து நோன்பு பாக்கி இருக்குமே, அதில் ஒன்றை என்னோடு வைக்கிறாயா?

கம்பெனி வண்டி வந்துவிட்டது. உனக்கு விடிந்த பிறகுதான் எனக்கு சஹர். நீ போன் பண்ணி எழுப்பு. அன்றைக்கு மட்டும் ஸ்பீக்கரில் போடாதே.

அஃப்ஜல்