காலித் தொட்டி

நவோகியின் அப்பாவுக்கு,

எந்த நீரில் குளிக்க எனக்குப் பிடிக்கும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லையே என்று காலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நீங்கள் பேசியதற்குப் பதிலை இதில் எழுதுகிறேன்.

நம் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிப் படிக்கும் லூயிசாவை அவள் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். சுட்ட மீன் மேசைமேல் மூடியிருக்கிறது. மிசோ சூப்பைக் கொதிக்க விடாதீர்கள், சூடேறினால் போதும்.

“அந்தப் பிரேசில் பொண்ணுகிட்ட சொல்லித் தொலையேன், சயோகோ! மூணு வாரமா காலித் தொட்டிக்கு வணக்கம் போட்டுட்டு வரேன்” என்றீர்கள். முதலில் விருந்தாளி, அப்புறம் நீங்கள், நவோகி, கடைசியில் நான். ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டுத் தொட்டியில் ஊற எல்லோருக்கும் ஒரே வெந்நீர். இருபத்துமூன்று வருடமாக அப்படித்தான். அவளோ, “நான் குளிச்ச தண்ணியில நீங்க எப்படிம்மா குளிப்பீங்க?” என்று தினமும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி நீரை வடித்துவிடுகிறாள். அப்பாவும் பிள்ளையும் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஷவரோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். பிறகு நான் புதிதாக நிரப்பிக்கொள்கிறேன். யாரும் இறங்காத நீருக்குள் நம் தொட்டியின் அடி எவ்வளவு நீலம் என்று இப்போதுதான் தெரிந்தது.

பி.கு.: நவோகியின் சாவி செருப்பு அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்று: “நான் தண்ணியை வடிச்சுவிடறது சரிதானாம்மா?” என்று நேற்று அவளே கேட்டாள். சரி என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.