பிஸ்டலுக்குக் கை அளவு

1958, மார்கழி, ஞாயிற்றுக்கிழமை இரவு

பிரான்சில் துப்பாக்கி செய்பவர் ஒருவர், என் கைக்கென்றே பிடி கடைந்து ஒரு பிஸ்டல் செய்து தருவதாக எழுதியிருந்தார். விலை, என் ஓராண்டு பென்ஷன். உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்ப வேண்டுமாம். சைகோனில் எங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்திலேயே குறி தவறாதவன் நான். அந்த விலை தகும் என்றுதான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் வலது கையை வைத்து இடது கையால் வரைந்தேன். கோடு நெளிந்து நெளிந்து போனது. மூன்று காகிதம் வீண். பென்சிலைத் திட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி லூர்துமேரி வந்து பார்த்தாள்.

"பென்சில் ஒழுங்காத்தான் போவுது. உங்க வலது கைதான் ஆடுது."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருசமா. நீங்க காபி குடிக்கிறத தெனமும் பாத்துகினுதானே இருக்கேன்."

சொல்லிவிட்டு என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, அவளே வரைந்து கொடுத்தாள். கோடு நேராக வந்தது. அந்தக் காகிதத்தை அனுப்பப்போவதில்லை.

இரண்டு வருடமாக எனக்கு முக்கால் டம்ளர் காபிதான் தருகிறாள். கஞ்சத்தனம் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! ஒரு நாளும் அவள் காரணம் சொன்னதில்லை. ஒரு நாளும் என் சட்டையில் காபி சிந்தியதும் இல்லை.