பதினேழாம் எண்ணுக்கு முப்பத்தொன்று

ஜூலை 3, வியாழன்

சுனில் விண்ணப்பங்கள் உள்ள பென் டிரைவை அனுப்பிவிட்டான். முப்பது வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கு ஒரு வருஷ நல்கை. வேறு வேலை பார்க்காமல் கலையை மட்டும் கவனிக்கலாம். பாட்டுக்கு இரண்டு இடம், ஓவியத்துக்கு இரண்டு. நடுவர்கள் மூன்று பேர்: வீணை வாசிக்கும் மமதா, ஓவியம் போடும் ஜூடித், எதுவும் செய்யாத நான். விண்ணப்பங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். யாருக்கு மதிப்பெண் போடுகிறோம் என்று எங்களுக்கே தெரியக் கூடாதாம்.

இன்னொரு விதி, ஓவியர் பாட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டும், பாட்டுக்காரர் ஓவியத்துக்கும். சுனில்தான் நல்கை தரும் அறக்கட்டளையின் செயலாளர். "அப்பதான் சார் ரெண்டு பக்கமும் ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்கிறான். பல் டாக்டரிடம் கண்ணைக் காட்டுவது மாதிரி.

ஏன் ஒப்புக்கொண்டேன்? ஒன்பது வருஷத்துக்குப் பிறகு யாரோ என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. பதினெட்டு வருஷம் ஆங்கிலப் பத்திரிகையில் இசைப் பத்தி எழுதினேன். பக்கத்தையே மூடினார்கள். இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறேன். "சேமிக்கப் பச்சைப் பொத்தானை அழுத்தவும்." இதற்கு ஒரு முனைவர் பட்டம்.

ஜூலை 6, ஞாயிறு

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார்கள்: உங்கள் கலை சமூகத்தில் எதை மாற்றும்? மூன்றைப் படித்தேன். மூன்று பேரும் பாலம் கட்டுகிறார்கள். இந்த ஊரில் ஏற்கெனவே ஆரம்பித்த பாலங்களே முடியவில்லை. மற்ற பதில்களைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கோவிலிலிருந்து வந்த என் மனைவி அனந்தலக்ஷ்மி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "உமேஷ் ஆத்துக்காரியைப் பார்த்தேன். அவா பையன் ஸ்ரீஹர்ஷாவும் இதுக்கு அப்ளை பண்ணியிருக்கானாம். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. தெரியவும் கூடாது. இப்போது தெரிந்துவிட்டது. அதுவும் பாடகன் உமேஷின் பையன்.

ஜூலை 12, சனி

பதினேழாம் எண். பேகடா ராகம்.

மூன்றாவது நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மத்தியமத்தைத் தொடுவதற்கு முன் அரை மூச்சு நின்று, சபை தவிக்கும்போது கீழிருந்து எட்டிப் பிடிப்பது. இது உமேஷின் சொத்து. உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. குரலில் கொஞ்சம் கரகரப்பு. ஆணா பெண்ணா? உச்சத்தில் பெண் போல. ஆனால் பதிவு மோசம், போனில் எடுத்தது. ஸ்ரீஹர்ஷாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவன் சின்னப் பையனாக இருந்தபோது நான் கேட்டதுதான், மெல்லிய குரல். அவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

பதினாறு வருஷமாகிறது. அந்த நிறுத்தத்தை மேடைத் தந்திரம் என்று பத்தியில் எழுதினேன். அடுத்த வாரம் மல்லேஸ்வரத்தில் கச்சேரி. முதல் வரிசையில் நான். உமேஷ் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னான்: "நம்ம வெங்கட்டு வந்திருக்கார். தந்திரம்தானே, சுலபம்தானே. அவரே ஒரு தடவை பாடிக் காட்டட்டும்." நானூறு பேர் சிரித்தார்கள். கல்லூரி நாளில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கச்சேரிக்கு வந்தவன். நான் எழுந்து வெளியே போனபோது வாசலில் டிக்கெட் கிழிப்பவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டேன். எந்த நடுவராவது நாற்பதுக்குக் கீழே போட்டால் விண்ணப்பம் விழுந்துவிடும். குறிப்புக் கட்டத்தில் ஒரே வார்த்தை: 'நகல்.'

நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பதாம் எண் அபாரம். யாரையும் போல இல்லை. கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் சொந்தக் கால். எண்பத்தெட்டு.

ஓவியங்களையும் முடித்தேன். ஆட்டோக்களின் முதுகை மட்டும் வரைந்த ஒருவருக்கு ஐம்பது. ஏன் ஐம்பது என்று எனக்கே தெரியாது. தெரியாததற்கு மதிப்பெண் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது — அதை முதலாளிகள்தான் அனுபவிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பதினோரு மணிக்குக் கூட்டம். பெயர் உறைகளைத் திறப்பதற்கு முன்பே ஜூடித் பிடித்துக்கொண்டாள். "செவன்டீனுக்கு முப்பத்தொண்ணா? காதுல பஞ்சு வெச்சிட்டு கேட்டீங்களா வெங்கட்?"

"அது நகல்."

"எனக்கு ஒரிஜினலே தெரியாதுப்பா. அதான் என்னை உக்கார வெச்சிருக்காங்க." நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அவள் பாட்டைக் கேட்டபடியே பென்சிலால் கோடு இழுப்பாளாம். எல்லா எண்ணுக்கும் ஒரு பக்கம். பதினேழில் கோடு ஏறி, நடுவில் ஓரிடத்தில் காகிதம் வெறுமையாக இருந்தது. "இங்க என் கை நின்னுடுச்சு. நானா நிறுத்தல. முப்பது வருஷமா வரையறேன், ஒரு பாட்டு என் கையைப் பிடிச்சு நிறுத்தினது இல்லை." அவள் தொண்ணூறு. மமதா எண்பத்து நான்கு. நான் ஒருவன்தான்.

"விதி விதிதான்" என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடித்திருந்தது.

சுனில் உறைகளைப் பிரித்தான். பதினேழு — தமயந்தி, வயது இருபத்தாறு, ஹெப்பகோடி, மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது — ஸ்ரீஹர்ஷா.

இரண்டாவது இடம் ஸ்ரீஹர்ஷாவுக்கு. என் எண்பத்தெட்டால்.

மமதா என்னைப் பார்த்து, "வெங்கட் சாருக்கு ஒன்பது ரொம்பப் பிடிச்சுப் போச்சு போலிருக்கு" என்றாள். காப்பி கொண்டுவந்தார்கள். குடித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

உமேஷ் போன் பண்ணினான். பதினாறு வருஷம் கழித்து.

"வெங்கட்டு! நான் கேள்விப்பட்டேன். சொல்லக் கூடாதுதான், ஆனா காதுக்கு வந்துடுச்சே. நீதானாமே என் பையனைத் தூக்கி விட்டது?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"பேரு தெரியாமலே குடுத்தே பாரு, அதான் பெரிசு. நீ எழுதினதுக்கு நான் மேடையில பண்ணது தப்பு. போகட்டும் மாராயா, விட்டுடு." பிறகு குரல் இறங்கியது. "அவன் என்னை மாதிரி பாடவே மாட்டேங்கறான். என் பாணின்னாலே எழுந்து போயிடறான். எனக்கப்புறம் அது இல்லை. ஆனா நீ குடுத்தே, அப்ப அவன்கிட்ட ஏதோ இருக்கு."

மன்னிப்பு வந்தது. பதினாறு வருஷமாக நான் எதிர்பார்த்தது. வந்தபோது அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஜூலை 28, திங்கள்

யாரிடமும் சொல்லத் தேவையில்லை. விதிப்படி மதிப்பெண் போட்டேன். நடுவருக்குத் தன் அபிப்பிராயம் இருக்கக் கூடாதா?

அபிப்பிராயமா அது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தேர்வாகாதவர்களுக்கு அறிவிப்புக்கு முன்பே நடுவர் குறிப்புகளை அனுப்புவது அறக்கட்டளையின் வழக்கம். வளர்ச்சிக்காக. சுனில் தமயந்தியின் பதிலை எனக்கு அனுப்பியிருக்கிறான், "சார், உங்களுக்குத்தான் தெரியும்" என்று. அப்படியே எழுதிவைக்கிறேன்.

'ஐயா, என் பாட்டு நகல் என்று நடுவர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் யாருடைய நகல் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அரூரில் பள்ளிக்கூடத்தில் பாட்டு மிஸ்ஸிடம் நான்கு வருஷம் படித்தேன். பிறகு சந்தாபுராவில் ஒரு மொபைல் கடையில் மெமரி கார்டில் நானூறு பாட்டு ஏற்றி வாங்கினேன். அதில் பாடியவர் பெயர் கிடையாது. டிராக் 112 என்று மட்டும் வரும். ஆறு வருஷமாக அவரைத்தான் கேட்கிறேன். அவர் யார், உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. நடுவர் ஐயாவுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. சந்தோஷம். பெயர் மட்டும் போதும்.'

சண்டைக்கு வந்திருந்தால் நான் பதில் வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆபீஸ் பஸ்ஸில் அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்தேன். அன்றைக்கு நான் படிக்காமல் விட்ட பதில்.

'எங்கள் விடுதியில் நாற்பத்திரண்டு பெண்கள். ஒடியா, பிகாரி, கன்னடம், தமிழ் என்று அறைக்கு ஒரு பாஷை. தினமும் குளியலறைக்குச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் பாடுவேன். ஒருத்திக்கும் ராகம் தெரியாது. இப்போதும் சண்டை போடுகிறார்கள். ஆனால் பாட்டு முடியும் வரை காத்திருந்து போடுகிறார்கள். போன மாதம் இரண்டு பேர் எதற்குச் சண்டை என்பதை மறந்துவிட்டார்கள். என் கலை இவ்வளவுதான் மாற்றியிருக்கிறது.'

பதினெட்டு வருஷம் பத்தி எழுதினேன். எந்தச் சண்டையையாவது ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேனா? மூட்டிவிட்டிருக்கிறேன்.

ஹெப்பகோடி நிறுத்தத்தில் பஸ் நின்றது. நீலச் சட்டை போட்ட பெண்கள் கூட்டமாக ஷிப்ட் முடிந்து நடந்தார்கள். யார் அவள்? யாராகவும் இருக்கலாம். தினமும் இதே நிறுத்தத்தைத் தாண்டுகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுனிலிடம் கேட்டேன், ஒரு எண்ணுக்கு மட்டும் என் மதிப்பெண்ணைத் திரும்ப எடுக்கலாமா என்று.

"ஒண்ணுக்கு மட்டும் முடியாது சார். இன்னார்தான்னு நெனச்சுப் போட்டேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்க மார்க் மொத்தமும் போயிடும். மத்த ரெண்டு பேர் மார்க்கை வெச்சு மறுபடி போடணும். இருபதாம் தேதி அறிவிப்பு, அதுக்குள்ள சொல்லுங்க."

மனக்கணக்கு போட்டேன். என்னை எடுத்துவிட்டால் தமயந்தி முதல். ஸ்ரீஹர்ஷா மூன்றாவது. அதாவது வெளியே.

நான் யோக்கியனாக நடந்தால் உமேஷின் பையன் விழுவான். ஊரே சொல்லும்: பார்த்தாயா, வெங்கட்டு பதினாறு வருஷம் காத்திருந்து, கொடுத்துப் பிடுங்கிவிட்டான் என்று. இதைவிட அழகான பழிவாங்கலை நானே திட்டம் போட்டிருக்க முடியாது. அதுதான் பயம். இதை எழுதும்போதே உள்ளே ஒரு மூலையில் இனிக்கிறது. அந்த மூலையை என்ன செய்வது?

ஆகஸ்ட் 9, சனி

ஜூடித்தின் பட்டறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூரிகை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நான் எதுக்காக எழுதறேன்னு எனக்கே தெரியலை ஜூடித். நியாயத்துக்கா, உமேஷை அடிக்கவா?"

"ஐயோ, அதை யாரு கேட்டா? உங்க மனசு கிளீனாகற வரைக்கும் அந்தப் பொண்ணு ஃபேக்டரியில நிக்கணுமா?"

"உமேஷ் மறுபடி..."

"வெங்கட், நீங்க அந்தப் பொண்ணைப் பத்திப் பேசவே மாட்டேங்கறீங்க. வந்ததுலேருந்து உமேஷ், உமேஷ். கல்யாணம் பண்ணிட்டிருக்கலாம் நீங்க ரெண்டு பேரும்."

கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். அல்சூர் ஏரி வரை நடந்தேன். கோபம் நிலைக்கவில்லை; பிடித்து வைக்க அதில் கைப்பிடி இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடிதம் கொடுத்துவிட்டேன். ஐந்து வரி. 'பதினேழாம் எண் இன்னார் என்று நானாக முடிவு செய்து, அவர் மீதான தனிப்பட்ட பகையால் மதிப்பெண் குறைத்தேன். என் ஊகமும் தவறு.' 'பகை' என்ற வார்த்தையை மூன்று தடவை அடித்து 'கருத்து வேறுபாடு' என்று போட்டேன். கடைசியில் பகையே இருக்கட்டும் என்று விட்டேன்.

தமயந்திக்குத் தனியாக: உமேஷின் முழுப்பெயர், பசவனகுடி முகவரி, போன் எண். 'உயிரோடுதான் இருக்கிறார்' என்றும் சேர்த்தேன்.

அனந்தலக்ஷ்மி கடிதத்தைப் படித்தாள். "இனிமே யாரும் உங்களை எதுக்கும் கூப்பிட மாட்டா" என்றாள். பிறகு, "தோசை ஒண்ணா ரெண்டா?"

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி உமேஷின் போன்.

"என் மேல கோபம்னா என்னை அடிச்சிருக்கலாமே வெங்கட்டு. பையன் கையில சோத்தைக் குடுத்துப் பிடுங்கிட்டியே."

"அந்தப் பெண் பாடியதைக் கேள், உமேஷ். சுனிலிடம் பதிவு இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

வைத்துவிட்டான். தப்பும் என்னுடையது, சரிசெய்ததும் நான், திட்டும் எனக்கே. சரி, வேறு யாருக்குப் போக வேண்டும்?

ஆகஸ்ட் 20, புதன்

அறிவிப்பு வந்தது. பாட்டுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று தமயந்தி. நடுவர் பட்டியலில் இரண்டு பெயர்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அனந்தலக்ஷ்மி கோவிலிலிருந்து கொண்டுவந்த செய்தி. தமயந்தி உமேஷ் வீட்டுக்கு இரண்டு தடவை போனாளாம். இரண்டு தடவையும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினானாம். மூன்றாவது தடவை கதவைத் திறந்தது ஸ்ரீஹர்ஷா.

"அவனே கையைப் பிடிக்காத குறையா உள்ளே கூட்டிண்டு போனானாம். 'அப்பா, உன் பாணியை நான் எடுத்துக்கலைன்னு அழுதியே, இந்தா, இவ எடுத்துண்டிருக்கா. இனிமே என்னை விடு'ன்னானாம். உமேஷ் எழுந்து உள்ளே போயிட்டு அரை மணி கழிச்சு வந்தாராம். அப்புறம், பாடுன்னாராம்."

பையனுக்கு எண்பத்தெட்டு போட்டது தப்பில்லை. அதை மட்டும் மனசால் நான் திரும்ப எடுக்க மாட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தமயந்தி செய்தி அனுப்பியிருந்தாள்: மாடியில் நான்கு மணிக்கு, வர முடிந்தால் வாருங்கள் சார். போகக் கூடாது என்று மூன்று மணி வரை இருந்தேன்.

ஹெப்பகோடியில் நான்கு மாடி ஏறவேண்டும். கொடியில் நீலச் சட்டைகள். முப்பது பெண்கள் பாயில், சிலர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு. ஆண்களுக்கென்று இரண்டே பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் உமேஷ். என்னைக் கண்டதும் நாற்காலியை அரை வட்டம் திருப்பிப் போட்டுக்கொண்டான். உட்காராமல் நிற்கலாமென்றால் ஒரு ஒடியாப் பெண் இந்தியில் அதட்டினாள், மறைக்கிறேனாம். உட்கார்ந்தேன். முதுகும் முதுகுமாக இருந்தோம்.

பாதிப் பாட்டில் கீழே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். பெரிய ரீங்காரம், அவள் சுருதிக்கு அரைக் கட்டை கீழே. பற்களைக் கூச வைத்தது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். எந்த வித்வானும் நிறுத்தி முறைத்திருப்பார். அவள் அந்த வரியை முடித்தாள், தலையைச் சாய்த்து மோட்டாரைக் கேட்டாள், அடுத்த வரியை அதன் சுருதியிலேயே எடுத்தாள். மோட்டார் தம்புராவாகிவிட்டது.

"ஆஹா" என்றேன். அதே கணத்தில் என் முதுகுக்குப் பின்னாலும் ஒரு "ஆஹா".

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். முன்னால் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உமேஷ் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. தொட்டி நிரம்பும் வரை அவள் பாடினாள்.